பட்டாடையும் கணக்கேடும்

2005ஆம் ஆண்டின் இறுதியிலே ஹொலிவூட் ஒரு படத்தை உலகச் சந்தைக்கு அனுப்பியது. 'ஒரு கெய்ஷாவின் நினைவுகள்' என்பது அதன் பெயர். நெறியாளர் றொப் மார்ஷல். தயாரித்தோருள் ஒருவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். ஏறத்தாழ 8.5 கோடி டொலர் அதிலே கொட்டப்பட்டது. யப்பானின் பழைய நகரத் தெருக்கள் கலிபோர்னியாவிலே மரத்தாலும் ஓட்டாலும் எழுப்பப்பட்டன. முதலிட்டவர்களுக்கு நட்டமில்லை, உலகெங்கும் 16 கோடி டொலருக்கு மேல் வசூலாயிற்று. மறு ஆண்டு ஒஸ்கார் விழாவிலே மூன்று விருதுகள் கிடைத்தன: கலை நெறியாள்கைக்கு ஒன்று, ஒளிப்பதிவுக்கு ஒன்று, உடையலங்காரத்துக்கு ஒன்று. நடிப்புக்கோ, திரைக்கதைக்கோ, நெறியாள்கைக்கோ பரிந்துரைகூட இல்லை.

இந்த மூன்று விருதுகளையும் நாம் ஒரு தீர்ப்பாகவே வாசிக்கிறோம். வீட்டுக்குப் பரிசு கிடைத்தது. வெளிச்சத்துக்குப் பரிசு கிடைத்தது. உடுப்புக்குப் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த வீட்டுக்கு விற்கப்பட்டு, அந்த வெளிச்சத்திலே நிறுத்தப்பட்டு, அந்த உடுப்பைச் சுமந்த பெண்ணின் கதை என்ன? வறிய மீன்பிடிக் கிராமத்துச் சிறுமி ஒருத்தியும் அவளது தமக்கையும் தகப்பனால் கைமாற்றப்படுகிறார்கள். தமக்கை விபசார விடுதிக்குப் போகிறாள். தங்கை கெய்ஷா இல்லத்திலே பணிப்பெண்ணாகி, பின்னர் பயிற்றப்பட்டு, அவளது கன்னிமை ஏலத்துக்கு விடப்படுகிறது. இவ்வளவையும் கண்டுவிட்டு வெளியே வந்த உலகம் எதைப் பற்றி விவாதித்தது என்பதுதான் எமது கேள்வி.

விவாதம் நடக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மிகக் காரசாரமாகவே நடந்தது. அமெரிக்க விமர்சகர் பலர், படம் கண்ணுக்கு விருந்து, உள்ளே வெறுமை என்றார்கள். யப்பானியர், கிமோனோ உடுத்திய முறை தவறு, கொண்டை தவறு, நடனம் யப்பானிய நடனமே அல்ல என்றார்கள். முதன்மைப் பாத்திரங்களுக்குச் சீன வழியினரான சாங் சியீ, கொங் லி, மிஷேல் யோ ஆகியோரைத் தெரிந்ததேன் என்றும் கேட்டார்கள். சீனத்திலே கோபம் வேறு திசையிற் பாய்ந்தது. 1937இல் நாஞ்சிங் நகரிலே நடந்த கொடுமைகளை மறவாத மக்கள், சீனப் பெண்ணொருத்தி யப்பானிய ஆடவரின் களிப்புக்காக ஆடும் வேடம் ஏற்பதைத் தேசத் துரோகம் என்றார்கள். வசை முழுவதும் சாங் சியீயின் தலைமேல் விழுந்தது. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சீன அரசு படத்தைத் தடைசெய்தது.

இம்மூன்று எதிர்வினைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கன் அழகைக் கேட்டான். யப்பானியன் மரபுச் சுத்தத்தைக் கேட்டான். சீனன் தேசமானத்தைக் கேட்டான். விற்கப்பட்ட சிறுமியின் விலை என்ன, அதை யார் பெற்றார்கள், எத்தனை ஆண்டு உழைத்து அதை அவள் அடைத்தாள் என்று கேட்டவர் சிலரே. சிறுமியரை விற்பதைக் காதற் கதையாக்கலாமா என்று முகஞ்சுளித்த விமர்சகர் இருந்தார்கள். அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களுடைய குரல் கிமோனோவின் மடிப்பைப் பற்றிய ஆரவாரத்துக்குள் அமிழ்ந்துபோயிற்று. சீனரின் கோபத்துக்குப் பின்னால் உண்மையான வரலாற்றுக் காயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. யப்பானிய இராணுவம் தன் பாசறைகளுக்கு இழுத்துச் சென்ற கொரியப் பெண்களும் சீனப் பெண்களும் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் கிம் ஹக் சுன் என்ற கொரிய மூதாட்டி தன் பெயரையும் முகத்தையும் மறைக்காது உலகின் முன் பேச 1991ஆம் ஆண்டுவரை காலம் பிடித்தது. அந்தக் காயத்தின் பெயரால் ஒரு நடிகையை ஏசுவது எளிது. அந்த மூதாட்டியருக்கு நீதி பெற்றுக் கொடுப்பது கடினம். எளிதானதையே கூட்டம் தெரிந்துகொண்டது.

உடையைப் பற்றி எழுந்த விவாதத்தின் பெரிய அபத்தம் வேறொன்று. கெய்ஷா இல்லத்தின் பழைய பொருளாதாரத்தை அறிந்தவர்களுக்கு அது தெரியும். சிறுமியை வாங்கிய பணம் அவளுடைய பெயரிலேயே கடனாக எழுதப்படும். அவள் உண்ட சோறு, கற்ற பாடத்தின் கட்டணம், நோய்க்குக் குடித்த மருந்து எல்லாம் அந்தக் கணக்கிலே ஏறும். யாவற்றிலும் பெருந்தொகை கிமோனோவுக்குரியது. அது இல்லத்தின் உடைமை. அவள் உடலிலே கிடப்பது. அதன் செலவு அவள் கடன். அப்படியானால் ஒஸ்கார் மேடையிலே எந்தப் பட்டாடைக்குப் பரிசு வழங்கப்பட்டதோ, அந்தப் பட்டாடைதான் கதையிலே அவளைக் கட்டிய கயிறு. இரசிகன் 'எவ்வளவு அழகான நெசவு' என்று வியக்கிறான். விமர்சகன் 'மடிப்பு ஓரங்குலம் தவறு' என்று திருத்துகிறான். இருவரும் அவளுடைய கடன்சீட்டையே தடவிப் பார்க்கிறார்கள். அதிலே எழுதியிருப்பதை வாசிக்கிறார்களில்லை.

படத்துக்கு மூலமான நாவலை 1997இல் எழுதியவர் ஆதர் கோல்டன் என்ற அமெரிக்கர். நாவல் முழுவதும் 'நான்' என்று ஒரு கெய்ஷாவே பேசுவதுபோல அமைந்தது. அதற்காக அவர் பேட்டி கண்டவர்களுள் கியோத்தோவின் கியோன் பகுதியிலே புகழ்பெற்றிருந்த மினேகோ இவசாகி ஒருவர். தம் பெயரை வெளியிடக் கூடாதென்ற உறுதி மீறப்பட்டதென்றும், தம் வாழ்க்கை திரிக்கப்பட்டதென்றும், கன்னிமை ஏலம் என்பது தம்மைப் பொறுத்தவரை நடவாத ஒன்றென்றும் அவர் முறையிட்டார். 2001இல் வழக்குத் தொடுத்தார். 2003இல் அது நீதிமன்றுக்கு வெளியே இணக்கமாயிற்று. இடையிலே 2002இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே வெளியிட்டார். இவசாகி தம் தொழிலின் மதிப்பைக் காக்க நின்றவர். அவர் கூறும் யாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், தன் பெயரிலே பிறர் எழுதிய கணக்கை மறுத்து, தன் கணக்கைத் தானே எழுதத் துணிந்த பெண் அவர். உலகம் பெருவாரியாகக் கண்டது அவரது நூலை அன்று. ஓர் ஆடவர் எழுதிய 'நான்' என்ற கதையின் படத்தையே.

இது தூரத்து நாட்டுச் சங்கதி, யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். தூரத்துச் சங்கதியன்று. 2024ஆம் ஆண்டு மே மாதம் சஞ்சய் லீலா பன்சாலியின் 'ஹீராமண்டி' எட்டுப் பாகங்களாக நெற்பிளிக்ஸ் வழியே வெளியாயிற்று. விடுதலைப் போராட்டக் காலத்து இலாகூரின் தவாயிப் பெண்களைப் பற்றியது அது. ஹீராமண்டி என்ற பெயர் சீக்கிய அரசின் அமைச்சர் ஹீரா சிங்கின் பெயரால் வந்ததென்பர். தொடரோ அதற்கு 'வைரச் சந்தை' என்று பொருள் விரித்து, சுவரெல்லாம் பொன்னும் கழுத்தெல்லாம் மணியுமாக இழைத்துவிட்டது. எழுந்த விவாதம் எப்படியிருந்தது? இலாகூரார், இது எம் நகரமே அன்று என்றார்கள். உருது அறிந்தோர், உச்சரிப்புப் பிழை என்றார்கள். இளம் நடிகை ஒருவரின் முகத்திலே பாவம் இல்லை என்று மாதக்கணக்கிலே கேலி நடந்தது. மற்றொரு நடிகையான அதிதி ராவ் ஹைதரியின் அன்னநடையைக் கைத்தொலைபேசிகள் ஓயாது சுமந்து திரிந்தன. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கெய்ஷாப் படத்துக்கு நடந்த அதே விசாரணை: உடை, நடை, ஊர், உச்சரிப்பு.

அதே அதிதி ராவ் ஹைதரி அதற்கு முன் தமிழ்ப் படமொன்றிலே தேவதாசியாக நடித்தவர் என்பது பலருக்கு நினைவில்லை. சாரதா இராமநாதன் நெறிப்படுத்திய 'சிருங்காரம்' என்ற படம் அது. 2007இல் திரைக்கு வந்தது. 1920களின் தமிழகத்திலே கோயிற் பணிக்கு ஒப்புக் கொடுக்கப்பட்ட பெண்ணின் கதை. அதற்கும் இந்திய அரசின் தேசிய விருதுகள் மூன்று: மது அம்பாட்டின் ஒளிப்பதிவுக்கு, லால்குடி ஜெயராமனின் இசைக்கு, சரோஜ் கானின் நடன அமைப்புக்கு. அக்கலைஞரின் ஆற்றலை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் ஹொலிவூட்டின் மூன்றையும் டில்லியின் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வாசகரைக் கேட்கிறோம். இரண்டிடத்தும் கண்ணுக்கும் காதுக்கும் உரியனவே பரிசுபெற்றன. அதற்கும் முந்திய 1968ஆம் ஆண்டின் 'தில்லானா மோகனாம்பாள்' எமது படமாளிகைகளையெல்லாம் நிறைத்த படம். ஆட்டக்காரக் குடும்பத்துப் பெண்ணை மைனர்களும் மிட்டாதாரர்களும் வளைக்க முயல்வதே அந்தக் கதையின் முடிச்சு. எமது ஊர் அதிலே எதை நினைவில் வைத்திருக்கிறது? நாதசுரத்தையும், பத்மினியின் ஆட்டத்தையும், நாகேஷின் கோமாளித்தனத்தையும். பேரம் பேசும் தரகனே சிரிப்புப் பாத்திரமாகிவிட்டான்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே பெரியமேளம் என்பது நாதசுரமும் தவிலும். சின்னமேளம் என்பது நட்டுவனாரும் பக்கவாத்தியமும் சூழப் பெண்கள் ஆடும் ஆட்டம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் திருவிழா என்றால் சின்னமேளமும் உண்டு. உள்ளூர்க் குடும்பங்களோடு தமிழகத்திலிருந்தும் கோஷ்டிகள் கடல் கடந்து வரவழைக்கப்பட்டன. அழைத்தவர் யார்? அந்தந்த நாள் திருவிழாவின் உபயகாரர். ஆறாந் திருவிழாக்காரர் இரண்டு மேளம் பிடித்தால் ஏழாந் திருவிழாக்காரர் மூன்று மேளம் பிடிப்பார். வாணவேடிக்கையும் சோடனையும் சின்னமேளமும் ஒரே போட்டியின் மூன்று படைக்கலங்கள். வென்றது உபயகாரரின் குடும்பப் பெருமை. ஆடியவளின் பெயர் எந்தக் கல்வெட்டிலே இருக்கிறது? எமது கோயில்களின் சுவரிலே மணிக்கூண்டு கட்டித் தந்தவர் பெயருண்டு. மின்விளக்குப் போட்டவர் பெயருண்டு. விடிய விடிய வீதியிலே ஆடிய பெண்ணுக்கு அங்கே ஓரெழுத்தும் இல்லை.

எதிர்ப்பு எழவில்லையா? எழுந்தது. ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நடைமுறைகளைக் கண்டித்தபோது இந்த ஆட்டத்தையும் கண்டித்தார். ஊரின் பெருந்தனக்காரரைப் பகைத்துக்கொள்ள அஞ்சாத அவரது நெஞ்சுரத்தை நாம் போற்றுகிறோம். எனினும் அக்கண்டனம் ஆலயத்தின் தூய்மையை நோக்கியது. ஆடுபவளின் வாழ்வை நோக்கியதன்று. அவரைப் பின்பற்றியோர் அதனை மேலும் குறுக்கினர். அழுக்கு என்று ஒன்று இருந்தது. அது வெளியேற்றப்பட வேண்டும். வெளியேறிய பின் அது எங்கே போயிற்று என்பது எவருடைய கவலையுமன்று. மேளம் நின்றது, கோயில் தூய்மையாயிற்று. மேளம் பிடித்தவர் அதே கோயிலின் உபயகாரராக, அறங்காவலராக, ஊர்ப் பெரியவராகத் தொடர்ந்தார். அந்தப் பெண்கள் மட்டும் கரைந்துபோனார்கள்.

இதற்கு முன்னரே எமது இலக்கியம் அவர்களுள் ஒருத்தியை அடையாளம் கண்டிருந்தது. வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே ஆடிய கனகி என்பவளைப் பாட்டுடைத் தலைவியாக்கி நட்டுவச் சுப்பையனார் பாடிய 'கனகி புராணம்' எமது பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கியத்தின் தலைசிறந்த அங்கதங்களுள் ஒன்று. அது முழுமையாக எமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவை சில பாடல்களே. ஈழத்து இலக்கிய வரலாறு எழுதுவோர் அதனை விடாமற் குறிப்பிடுவர். அதன் நையாண்டியை மெச்சுவர். அவளை நாடி வந்த ஊர்ப் பிரமுகரைப் புலவர் அடையாளம் தோன்றப் பாடினாரே, அந்தத் துணிவை நாமும் மெச்சுகிறோம். நாவலர் வழியினர் செய்யாததை அவர் செய்தார்; ஆடவரையும் சந்திக்கு இழுத்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள்? பிரமுகர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சந்தியிலே நின்றவள் கனகி. அவளுடைய பெயரே நூலின் பெயர். அவளுடைய குரல் நூலிலே இல்லை. அவள் யார் மகள், எத்தனை வயதிலே சலங்கை கட்டப்பட்டாள், அவளது உழைப்பிலே யார் உண்டார்கள் என்று தேடிய ஆய்வு எமது பல்கலைக்கழகத்து ஏடுகளிலே எத்தனை பக்கம் பெறும்? புலவரின் யாப்பைப் பற்றி எழுதுவோர், அந்தப் பெண்ணைப் பற்றி எழுதத் தயங்குவதேன்?

ஆளைத் துரத்திய சமூகம் கலையைத் துரத்தவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையிலே 1935இல் உருக்மிணி தேவி மேடையேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. யாழ்ப்பாணத்திலே 1960இல் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் தொடங்கி, பின்னர் 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கு பயின்ற ஆசிரியைகள் கிராமந்தோறும் இக்கலையைப் பரப்பினார்கள். அது நற்பணி, சந்தேகமில்லை. இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எமது பிள்ளைகளின் அரங்கேற்றங்கள் கலியாண வீட்டுச் செலவிலே நடைபெறுகின்றன. காஞ்சிபுரத்துப் பட்டு, கோயில் நகை, தமிழகத்திலிருந்து வரவழைத்த பக்கவாத்தியம், பிரதம விருந்தினர், வண்ணமலர். நன்றியுரையிலே குருவுக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, மண்டபத்தாருக்கு நன்றி. இந்த அடவுகளை நூற்றாண்டுக் கணக்கிலே தம் காலிலே காத்துத் தந்த பெண்களுக்கு நன்றி சொன்ன மேடை எத்தனை? அதே குடும்பத்திலே, அடங்காத பெண்ணொருத்தியை ஏச நேர்ந்தால் நாவிலே வரும் வசைச்சொல் 'ஆட்டக்காரி'.

இவ்விடத்திலே எமக்கு எதிராக ஒரு வாதம் வைக்கப்படும். அது வலிமையான வாதம். அதனைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. இப்பெண்கள் வெறும் பலியாடுகள் அல்லர், கல்வி கற்றவர்கள், சொத்துரிமை உடையவர்கள், மற்றக் குலப் பெண்கள் எழுத்தறியாதிருந்த நாளிலே காவியம் படித்தவர்கள் என்பதே அந்த வாதம். உண்மை. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்துப் பிரித்தானிய அரசின் தடையை எதிர்கொண்டவர். திருவையாற்றிலே தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பியவர். பாலசரசுவதி தம் பாட்டியார் வழிவந்த மரபை இறுதிவரை தலைநிமிர்ந்து ஆடியவர். வீணா தல்வார் ஓல்டன்பேர்க் என்ற வரலாற்றாய்வாளர் இலக்னோ நகரின் 1858 முதல் 1877 வரையான வரிப் பதிவேடுகளைப் புரட்டியபோது, மிகக் கூடிய வரி செலுத்தியோர் வரிசையிலே தவாயிப் பெண்களைக் கண்டார். பெண்ணின் பெயரே ஏடேறாத காலத்திலே அது வியப்புக்குரிய செய்தி.

ஆனால் வாசகர் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வாளர் இவ்வுண்மையை எப்படிக் கண்டார்? பட்டாடையைப் பார்த்தா? பதிவேட்டைப் பார்த்து. கணக்கேட்டைத் திறந்தால் அவளது அடிமைத்தனமும் தெரியும். அவளது ஆற்றலும் தெரியும். எங்கே அவள் ஏமாற்றப்பட்டாள், எங்கே அவள் வென்றாள் என்பதும் தெரியும். பளபளப்பான படம் இரண்டையும் மறைக்கிறது. அவளைத் தேவதையாக்குவது, அவளைத் துயரப் பதுமையாக்குவது, இரண்டும் அவள் உழைப்பாளி என்பதை மறக்கச் செய்யும் வழிகள். அவள் உழைத்தாள், அந்த உழைப்புக்கு ஒரு கூலியும் ஒரு முதலாளியும் இருந்தார்கள் என்ற எளிய உண்மையிலிருந்துதான் விமர்சனம் தொடங்க வேண்டும்.

அப்படித் தொடங்கியவர்கள் தமிழ் மண்ணிலே இருந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையிலே 1927இல் இப்பிரச்சினையை எழுப்பினார். 1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தது. கோயிற் பணிக்காக அப்பெண்களுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலத்தைப் பணியிலிருந்து பிரித்து, நிலம் அவர்களிடமே இருக்க வழிசெய்தது. பணி செய்யாவிட்டாற் சோறில்லை என்ற கட்டினை அது அறுத்தது. கணக்கேட்டைத் திறந்து பார்த்த சட்டம் அது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கமே தடைசெய்யப்பட்டது. அச்சட்டங்களை அந்நாளிலே தேவதாசியருள் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். கலையும் வாழ்வும் சேர்ந்தே அழியும் என அஞ்சினர். பின்னாளிலே பலர் அனுபவித்த வறுமையை எண்ணும்போது அந்த அச்சம் வீணென்று தள்ளத் தக்கதன்று. நிலமில்லாதவளுக்கு நிலத்தைப் பற்றிய சட்டம் என்ன செய்யும்?

இன்னொருவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தாசி வீட்டிலே வளர்ந்து, அதிலிருந்து வெளியேறி, அதனை ஒழிக்கப் போராடியவர். 1936இல் அவர் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்ற நாவலை இலக்கிய நயத்துக்காக எவரும் இன்று தேடிப் படிப்பதில்லை. அதிலே அலங்காரம் குறைவு. பிரசாரம் மிகுதி என்பர். இருக்கட்டும். மைனரின் பணம் எப்படிக் கை மாறுகிறது, இளம்பெண் எப்படிப் பழக்கப்படுகிறாள், வலையிலே விழுந்த இரு பாலாரும் எப்படிச் சீரழிகிறார்கள் என்பதை உள்ளே இருந்து கண்டவர் எழுதிய நூல் அது. கோடிக்கணக்கிலே செலவிட்ட எந்தத் திரைத் தொடரிலும் அந்தக் கணக்கு இல்லை. அதனைப் படமாக்க எந்த முதலாளியும் வரமாட்டார். அதிலே பட்டுக்கு வேலை குறைவு.

இது பழங்கதை, தேவதாசியும் இல்லை, கெய்ஷா இல்லத்துக் கடனும் இல்லை, இன்று இதனைப் பேசுவதாற் பயனென்ன என்று கேட்போருக்கு எமது வடபுலத்தையே காட்டுவோம். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாசலுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. கோழி வளர்க்க, தையல் இயந்திரம் வாங்க என்று கொடுத்த கடன், வட்டி மேல் வட்டியாகி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்ற சுழலிலே அப்பெண்களைத் தள்ளியது. கிழமை தவறாது முற்றத்திலே வந்து நிற்கும் வசூலிப்பாளனுக்கு அஞ்சி வாழ்ந்த பெண்களின் துயரம் நாடறிந்தது. 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களிலே ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் வீதியோரத்திலே அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். உடலை விற்ற கதையும் இதுவும் ஒன்றென்று நாம் கூறவில்லை. பெண்ணின் பெயரிலே கடனை எழுதி, அந்த ஏட்டை அவள் கைக்கு எட்டாத உயரத்திலே வைக்கும் முறை ஒன்றே என்கிறோம். அன்றைய கடனிலே அழகைக் கண்டு சொக்கும் கண், இன்றைய கடனை எப்படி அடையாளம் காணும்?

படம் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடையை நாம் கேட்கவுமில்லை. சீனத்துத் தடையால் எந்தப் பெண்ணும் விடுதலை பெறவில்லை. பட்டும் பொன்னும் பார்க்க மக்களுக்கு ஆசையுண்டு. நாள் முழுதும் உழைத்தவன் இரவிலே சற்று மினுக்கத்தைக் காண விரும்புவதிலே குற்றமில்லை. எமது வழக்கு விமர்சகனோடு. எழுதுகோலை ஏந்தியவன் உடையின் பிழையையும் உச்சரிப்பின் பிழையையும் எண்ணிவிட்டுப் போவானாயின், அவன் அந்தப் படத்தின் விளம்பரதாரனே, வைதாலும் விளம்பரதாரனே. இவளை விற்றவன் யார், வாங்கியவன் யார், இடையிலே தரகு பெற்றவன் யார், இவளது ஆட்டத்தின் வருவாய் எந்தப் பெட்டிக்குள் விழுந்தது, படம் இவற்றைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? இக்கேள்விகளை எழுப்பாத விமர்சனத்தை விமர்சனமென்று இந்தப் பக்கங்கள் ஏற்கமாட்டா.

எமது ஊர் செய்ய வேண்டிய காரியங்களும் உண்டு. சின்னமேளத்தைக் கண்ட கடைசித் தலைமுறையினர் சிலர் இன்னும் எம்மிடையே வாழ்கிறார்கள். கோயில்களின் பழைய வரவுசெலவுக் கொப்பிகளும், திருவிழா உபயக் கணக்குகளும், மேளகாரருக்கு எழுதிய ஒப்பந்தச் சீட்டுகளும் எங்கேனும் பெட்டிகளுக்குள் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கலாம். பல்கலைக்கழகத்து இளைஞர் அவற்றைத் தேடட்டும். முதியோர் சொல்வதைப் பதிவுசெய்யட்டும். ஆடிய பெண்களின் வழிவந்தோர் பெயர் வெளியிட விரும்பாவிட்டால் அந்த விருப்பத்தை மதிக்கட்டும். இவசாகிக்கு நேர்ந்தது எம்மவருக்கு நேர வேண்டாம். நடன ஆசிரியைகள் முதலாம் வகுப்பிலேயே, இந்த அடவு யாருடைய காலிலிருந்து எமக்கு வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அரங்கேற்ற மலரிலே பிரதம விருந்தினரின் வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்கும் பக்கங்களுள் ஒன்றை அவர்களுக்கு ஒதுக்கட்டும். வண்ணார்பண்ணையிலே ஆடியவளின் பெயரை ஒரு கேலிப் புராணத்தின் தலைப்பாக மட்டும் அறிந்திருக்கும் எமது மாணவர், அவளை ஓர் உழைப்பாளியாக அறியும் நாள் வர வேண்டும். அந்த வேலைக்குக் கோடி டொலர் வேண்டியதில்லை. பழைய கொப்பிகளைத் திறந்து வாசிக்கும் பொறுமை வேண்டும்; அதிலே தம் பாட்டனாரின் பெயர் வந்தாலும் மூடிவிடாத நேர்மை வேண்டும்.